எச்சிலும் இணைச்சீரும்

சோறு இறங்கியது. களி இறங்கியது. காய்ந்துபோன ரொட்டியும் இறங்கியது. எச்சில் மட்டும் இறங்கவில்லை. இதைச் சொன்னதும் எல்லோரும் ஒரே காரியத்தைத்தான் செய்தார்கள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, தங்கள் எச்சிலை ஒரு தடவை விழுங்கிப் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்கு இறங்கியது. ஒவ்வொருவர் தொண்டையும் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டுதானே நின்றேன்.

வாளையாருக்குப் பக்கத்தில், லாரிகளின் சத்தம் கேட்கிற தூரத்தில் இருக்கிறது எங்கள் ஊர். ஊர்ப் பால் சொசைட்டியில் பாலைப் பரிசோதிக்கிற வேலை எனக்கு. காலையும் மாலையும் கேன் கொண்டுவருகிறவர்களிடம் கரண்டியால் கொஞ்சம் பால் எடுத்து, கொழுப்பு எவ்வளவு என்று மெஷினில் பார்த்துச் சொல்ல வேண்டும். ஒரு வைகாசிக் காலையில், பத்துப் பதினைந்து பேர் வரிசையில் நிற்கும்போது எச்சில் விழுங்கினேன். பாதியில் நின்றது. இன்னொரு தடவை விழுங்கினேன். தொண்டை அசைந்தது, உள்ளே எதுவும் போகவில்லை. மூன்றாவது தடவை பயம் வந்துவிட்டது. கரண்டியைப் போட்டுவிட்டு வெளியே ஓடித் தென்னை மரத்தடியில் துப்பினேன். திரும்பி வந்தபோது வரிசையில் நின்ற ஒரு பெரியம்மா என் வயிற்றைப் பார்த்துச் சிரித்தார். நாற்பத்து நான்கு வயதில் எனக்கு மசக்கை என்று நினைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து அது போகவில்லை. மனுஷி ஒரு நாளைக்கு எத்தனை தடவை எச்சில் விழுங்குகிறாள் என்று நல்லபடியாக இருக்கிற வரைக்கும் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்துவிட்டது. விழுங்கலாமா வேண்டாமா என்று யோசித்து, கழுத்தை நீட்டி, கண்ணை மூடி, முழுப் பலத்தோடு ஒரு தடவை விழுங்கினால் பாதி இறங்கும், மீதி அங்கேயே நிற்கும். அதற்குள் அடுத்தது ஊறிவிடும். இடுப்பில் ஒரு துண்டைச் செருகிக்கொண்டேன். நாளுக்கு நான்கு துண்டு ஆயிற்று.

பொறாமை என்பது எனக்குப் புதிதில்லை, ஆனால் இந்த அளவுக்கு வந்ததில்லை. ஊரில் எல்லோருடைய கழுத்தையும் பார்த்து வயிறு எரிந்தேன். பேச்சு நடுவில் அலட்சியமாக விழுங்கிவிட்டு மேலே பேசுகிற ஆட்களைப் பிடிக்காமல் போயிற்று. என் வீட்டுக்காரர் காலையில் செய்தித்தாள் படிக்கும்போது அவருடைய தொண்டைக் கட்டை தன் பாட்டுக்கு மேலே போய்க் கீழே வரும். அவருக்கு அது தெரியக்கூடத் தெரியாது. அந்தக் கட்டையைப் பார்த்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருப்பேன். எங்கள் பசு வாயில் நூலாக ஒழுகவிட்டு நிம்மதியாக அசை போட்டது. அதை யாரும் எதுவும் சொல்லவில்லை.

"சுடுதண்ணி குடி புள்ள, செரியாப் போயிரும்" என்றார் அவர். அந்த வைகாசியில் நான் குடித்த சுடுதண்ணீருக்கு அளவே இல்லை. தண்ணீர் இறங்கும், அதுதான் வேடிக்கை. எச்சிலைத் தண்ணீரோடு சேர்த்துத் தள்ளிவிடலாம் என்று எப்போதும் ஒரு பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு அலைந்தேன்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. வீட்டுக்காரரின் பெரியப்பாவுக்குத் தொண்டையில் புற்று. அவரும் ஆரம்பத்தில் "என்னமோ விழுங்கச் சிரமமா இருக்குது" என்றுதான் சொன்னார். ஏழாவது மாதம் அவரைத் தூக்கிக்கொண்டு போனோம். செல்போனில் தேடிப் பார்த்தேன். முதலில் வந்ததே அந்த வியாதிதான். அதற்குக் கீழே வந்ததும் அதுதான். போனை அரிசி டின்னுக்குள் போட்டு மூடி வைத்தேன், கொஞ்ச நேரம் கழித்து நானே எடுத்து மறுபடியும் தேடினேன்.

பாலக்காட்டில் டோக்கன் எடுத்துக் காத்திருந்து காட்டியதில், டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார். "ஒண்ணும் பேடிக்க வேண்டா" என்றார். பயப்படுவதற்கு ஒன்றும் இல்லையாம். வாயுத் தொல்லைக்கு மாத்திரை கொடுத்தார். இரத்தப் பரிசோதனையிலும் ஒன்றும் இல்லை. மாத்திரை இறங்கியது, எச்சில் இறங்கவில்லை.

இந்த இடத்தில் என் தங்கையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். எனக்கு நான்கு வயது இளையவள். கோயம்புத்தூரில் கொடுத்திருக்கிறது. கார் இருக்கிறது, அதை அவளே ஓட்டுவாள். மழை பெய்தால் குடையோடு வாசலில் வந்து நிற்கிற வீட்டுக்காரர் அவளுக்கு. இதெல்லாம்கூடப் பரவாயில்லை. முடிதான் எனக்குத் தாங்காது. இடுப்புக்குக் கீழே ஒரு சாண் இறங்கும் முடி, நாற்பது வயதிலும் ஒரு நரை கிடையாது. சின்ன வயதில் பள்ளிக்கூடம் கிளம்பும்போது அவளுக்கு வாரிப் பின்னுவதற்கே அம்மாவுக்கு நேரம் சரியாக இருக்கும். நான் எனக்கு நானே வாரிக்கொள்ளக் கற்றுக்கொண்டேன். என்னுடையது பாக்கு அளவுக் கொண்டை. அதற்கும் இரண்டு ஊசி போதும்.

அவள் கெட்டவளாக இருந்திருந்தால் எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். அதுவும் இல்லை. தீபாவளிக்கு எனக்குத்தான் முதலில் சேலை எடுப்பாள். என் பிள்ளைகளின் பிறந்த நாள் என்னைவிட அவளுக்கு நன்றாக நினைவிருக்கும். அவளை நன்றாகத் திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்க எனக்கு ஒரு காரணம்கூடக் கொடுத்ததில்லை.

ஆனியில் தம்பிக்குக் கல்யாணம் நிச்சயம் ஆயிற்று. எங்கள் பக்கம் இப்போது நிலம் வைத்திருக்கிற பையனுக்குப் பெண் கிடைப்பது எவ்வளவு பாடு என்று எல்லோருக்கும் தெரியும். ஏழு வருஷம் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு அம்மா போகாத ஊர் இல்லை. முப்பத்தெட்டு வயதில், பொள்ளாச்சிப் பக்கம் ஒரு நல்ல பெண் அமைந்தது. ஆவணியில் முகூர்த்தம்.

எங்கள் ஜனங்களில் தாலி கட்டுவதற்கு முன்னால் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையோடு கூடப் பிறந்தவள் அவன் பக்கத்தில் மேடையில் உட்காருவாள். மணப்பெண்ணுக்கு வைத்திருக்கும் கூறைச் சேலையின் ஒரு நுனி அவன் கையில் இருக்கும், மறு நுனி அவள் கையில் இருக்கும். இன்னொருத்தி வந்தாலும் பிறந்தவளை விட்டுவிடமாட்டான் என்பதற்கான சீர் அது. இரண்டு பேர் சேர்ந்து உட்கார முடியாது. ஒருத்திதான். நான் மூத்தவள். தம்பி பிறந்த அன்றே அந்த இடம் எனக்கு என்று நான் நினைத்திருந்தேன். என் தங்கையிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருந்தது என்றால் அது அந்த நாலு வருஷ மூப்பு மட்டும்தான்.

அந்தச் சமயத்தில் சொசைட்டியில் ஒரு தகராறு வந்தது. துண்டு நனைந்துபோகிறதே என்று நான் ஒரு டம்ளரை மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டு, குனிந்து குனிந்து அதில் துப்பிக்கொண்டிருந்தேன். மூடி போட்டுத்தான் வைத்திருந்தேன். அதை யாரோ பார்த்துவிட்டார்கள். பால் எடுக்கிற கையோடு எச்சில் துப்புகிறாள் என்று செகரட்டரியிடம் போயிற்று. அவர்கள் சொன்னதிலும் தப்பில்லை. நானாக இருந்தாலும் அந்தப் பாலைக் குடிக்கமாட்டேன். செகரட்டரி என்னைத் தீவன மூட்டை கொடுக்கிற அறைக்கு மாற்றினார். "கொஞ்ச நாளைக்கு மட்டுந்தானுங்க, செரியானதும் வந்துருங்க" என்று மரியாதையாகத்தான் சொன்னார். நான் வீடு வந்து சேர்வதற்குள் விஷயம் நாலு கிலோமீட்டர் தள்ளியிருக்கிற என் பிறந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

அம்மா கூப்பிட்டு அனுப்பினார். போனேன். அம்மாவும் தம்பியும் கூடத்தில் பத்திரிகைகளுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தார்கள்.

"அம்மிணி, தப்பா நெனச்சுக்காத" என்று ஆரம்பித்தார் அம்மா. அப்படி ஆரம்பித்தால் தப்பாக நினைக்க வேண்டியதுதான் வரும். "இணைச்சீரச் சின்னவளே பண்ணட்டும். மேடைல உக்காந்துட்டு நீ துண்டுல துப்பீட்டு இருந்தீன்னா பொண்ணு ஊட்டுக்காரங்க என்ன நெனப்பாங்க? வீடியோவெல்லாம் எடுக்கறாங்க. அந்தப் பெரிய டி.வி.ல வேற காட்டுவாங்களாம்."

"துப்பமாட்டேன்."

"உன்னால முடியுமா?"

தம்பியைப் பார்த்தேன். அவன் பத்திரிகையின் ஓரத்தில் மஞ்சளை மிகவும் கவனமாகத் தடவினான். ஏழு வருஷம் பெண் தேடியவன் அவன். அவனுக்கும் பயம் இருக்கும். அப்போது எனக்கு அப்படித் தோன்றவில்லை. எல்லோரும் சேர்ந்து என்னைத் தள்ளிவிட்டு அவளைத் தூக்கி வைக்கிறார்கள் என்றுதான் தோன்றியது. வாய் நிறைந்திருந்ததால் பதில் சொல்லவும் முடியவில்லை. எழுந்துபோய்க் கொல்லையில் துப்பிவிட்டு அப்படியே பஸ்ஸுக்கு நடந்துவிட்டேன்.

அன்றிலிருந்து பழக ஆரம்பித்தேன். கண்ணாடிக்கு முன்னால் மேடையில் உட்காருகிற மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, துப்பாமல் எவ்வளவு நேரம் இருக்க முடிகிறது என்று பார்ப்பேன். சீர் முடிய முக்கால் மணி நேரம் ஆகும். என்னால் பதினொரு நிமிஷம் முடிந்தது. ஒரு நாள் பதினான்கு. அன்றைக்குப் பாயசம் வைத்தேன். ஏன் வைத்தேன் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை.

தங்கை போன் செய்தாள். அம்மா சொல்லியிருக்க வேண்டும். "அக்கா, அங்க இங்க காட்டிட்டு இருக்க வேண்டா. இங்க ஒரு நல்ல தொண்டை டாக்டர் இருக்கறாரு. நானே வந்து கூட்டீட்டுப் போறேன்" என்றாள். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் அந்த டாக்டர் எதையாவது கண்டுபிடித்து, ஒரு ஊசி போட்டு, ஆவணிக்குள் சரிசெய்துவிட்டால் அந்த இடம் எனக்குத் திரும்பிவிடும் என்று ஒரு கணக்கு மனதில் ஓடியது. சரி என்றேன்.

காரில் வந்தாள். வாளையாரில் லாரிகள் நகராமல் நின்றன. அவள் ஒரு கையை ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு, மறு கையால் கடலை மிட்டாயைக் கடித்தபடி, அவள் பையன் படிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தாள். பின்னல் தோள் வழியாக இறங்கி மடியில் கிடந்தது. தின்பாள், விழுங்குவாள், சிரிப்பாள், விழுங்குவாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு துண்டை வாயில் வைத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் பெயர் பதிவதெல்லாம் அவளே பார்த்துக்கொண்டாள். நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் என் வயதில் ஒரு பெண், கழுத்தில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு கட்டி. மடியில் தலையணை கனத்துக்கு ஃபைல். அவளுடைய வீட்டுக்காரர் ஆரஞ்சு உரித்து, நாரெல்லாம் எடுத்து, ஒவ்வொரு சுளையாக அவள் கையில் வைத்துக்கொண்டிருந்தார். நர்ஸ் அவளைக் கண்டதும் தோளைத் தொட்டுப் பேசினாள். அவளுடைய வியாதிக்கு ஒரு பெயர் இருந்தது. எந்தச் சொந்தக்காரரும் அவளிடம் சுடுதண்ணீர் குடி என்று சொல்லியிருக்கமாட்டார்கள். எனக்கு அவள்மேல் பொறாமையாக இருந்தது. எழுதவே கூசுகிறது, ஆனால் இருந்தது. அந்தக் கட்டியைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன்.

மூக்கு வழியாக மெல்லிசாக ஒரு குழாயை விட்டுப் பார்த்தார்கள். வெள்ளையாக மாவுத் தண்ணீர் போல ஒன்றைக் குடிக்கச் சொல்லி, அது இறங்குவதைப் படம் எடுத்தார்கள். மத்தியானத்துக்கு மேல் டாக்டர் என்னைக் கூப்பிட்டார். காரை வேறு இடத்தில் நிறுத்தச் சொன்னார்கள் என்று தங்கை கீழே போயிருந்தாள். நான் மட்டும் உள்ளே போனேன்.

"எல்லாம் நல்லா இருக்கும்மா. கட்டி, புண்ணு, அடைப்பு எதுவுமே இல்லை" என்றார் டாக்டர். சின்ன வயதுக்காரர், நல்ல மாதிரி பேசினார். "நிறையப் பேருக்கு இப்படி வரும். ஏன் வருதுன்னு சில பேருக்குச் சொல்ல முடியறதில்லை. கவனிக்கக் கவனிக்க ஜாஸ்தியாகும். மறந்தா போயிரும்."

"மறக்கறதுக்கு மாத்திரை இருக்குதுங்களா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். நான் கேலிக்குக் கேட்கவில்லை.

புற்று இல்லை என்று கேட்டதும் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது, கதவு வரைக்கும் இருந்தது. கதவைத் திறந்ததும் தங்கை எதிரில் நின்றாள், அவசரமாக ஏறி வந்ததில் மூச்சு வாங்கிக்கொண்டு. மூச்சு வாங்கியபடியே ஒரு தடவை எச்சிலை விழுங்கினாள். எவ்வளவு சுலபமாக இறங்கியது! ஒன்றும் இல்லை என்று இவளிடம் சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தேன். ஒன்றும் இல்லாமலே துப்பிக்கொண்டு திரிகிறாள் என்று ஆகும். இணைச்சீர் அவளுக்கே நிலைத்துவிடும். ஆவணியில் அந்தப் பின்னலில் மல்லிகைப் பூவைச் சுற்றிக்கொண்டு, என் இடத்தில், என் தம்பி பக்கத்தில் உட்காருவாள்.

"என்னக்கா சொன்னாரு?"

"ஏதோ கட்டி மாதிரி தெரியுதாமா" என்றேன். வாயிலிருந்து தானாக வந்தது. "சதை எடுத்து அனுப்பீருக்காங்க. கண்ணாலம் முடிஞ்சுதான் ரிசல்ட் வருமாமா. ஊட்ல ஒருத்தருக்கும் சொல்லீராத."

அவள் முகம் என் கண் முன்னாலேயே சுருங்கிப்போயிற்று. ஆஸ்பத்திரி நடையில் அத்தனை பேர் பார்க்க என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அவளுடைய கண்ணீர் என் காதில் பட்டது. கொஞ்ச நேரம் கழித்து, நான் கேட்காமலே சொன்னாள்: "இணைச்சீர நீயே பண்ணுக்கா. அம்மாகிட்ட நான் பேசிக்கறேன்."

ஃபைலைப் பையின் அடியில் திணித்து, அதன்மேல் ஈரத் துண்டைப் போட்டு வைத்திருந்தேன். திரும்பி வரும்போது கடலை மிட்டாயை அவள் தொடவே இல்லை. எனக்கு வெற்றிதான். கொஞ்சம் பயமாகவும் இருந்தது, ஆனால் வெற்றியைவிடக் குறைவாகத்தான் இருந்தது.

மறுநாள் காலையில் போன் செய்தாள். "அக்கா, பழனிக்கு நேந்துட்டேன். உனக்குத் தொண்ட செரியாகோணும்னு. கண்ணாலம் முடிஞ்சதும் முடி எறக்கறேன்."

"பூமுடியா?" என்று கேட்டேன். நுனியில் கொஞ்சமாகக் கத்தரித்துக் கொடுத்தாலும் பெண்களுக்குப் போதும் என்று உண்டு.

"இல்லக்கா, மொட்டை."

அந்தச் செய்தி கேட்டதும் எனக்கு முதலில் வந்தது என்ன என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சந்தோஷம். அந்த முடி போகப்போகிறது என்கிற சந்தோஷம். அடுப்பில் பால் பொங்கி வழிவதுகூடத் தெரியாமல் அப்படியே நின்றேன். அதற்கு அப்புறம்தான் மற்றதெல்லாம் வந்தது. வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். "நேந்தாச்சுக்கா, மாத்தக் கூடாது" என்றாள். மாற்ற வேண்டுமானால் நான்தான் உண்மையைச் சொல்ல வேண்டும். ஆவணி முடியட்டும் என்று இருந்துவிட்டேன்.

அம்மாவிடம் அவள் என்ன பேசினாளோ, அம்மா மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார். கல்யாணத்தன்று எனக்கு அரக்குப் பட்டு. மேடையில் அருமைக்காரர், அதாவது எங்கள் சீர்களை நடத்தி வைக்கிற பெரியவர், கூறைச் சேலையின் நுனியை என் கையில் கொடுத்தார். மறு நுனி தம்பி கையில். எதிரில் பெரிய திரையில் என் முகம் ஒரு ஆள் உயரத்துக்குத் தெரிந்தது. என் தொண்டை தெரிந்தது. பொள்ளாச்சி ஜனம் அத்தனையும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஐந்து நிமிஷம் ஆயிற்று. பத்து ஆயிற்று. வாய் நிறைந்தது. கழுத்தை நீட்ட முடியாது, தண்ணீர் குடிக்க முடியாது. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. பிறந்தவனைக் கொடுக்கிற துக்கம் என்று பெண் வீட்டார் நினைத்திருப்பார்கள். கீழே முதல் வரிசையில் தங்கை உட்கார்ந்திருந்தாள், பின்னல் நிறையப் பூவோடு. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டென்று எழுந்துபோய் வீடியோக்காரரிடம் எதையோ சொன்னாள். திரையில் என் முகம் போய், வாசலில் சந்தனம் கொடுக்கிற இடம் வந்தது. அதே சமயம் தம்பி, அருமைக்காரரைப் பார்த்தபடியே, தோளில் கிடந்த புதுத் துண்டின் நுனியை என் பக்கம் நகர்த்தினான்.

"துப்பிக்கக்கா" என்றான் மெதுவாக. "ஒருத்தரும் பாக்கல."

மாப்பிள்ளைத் துண்டில் துப்பினேன். மூன்று தடவை. சீர் முடிந்தது. கீழே இறங்கியதும் எல்லோரும் என்னிடம் வந்து, உங்கள் தங்கச்சிக்கு என்ன முடி, என்ன முடி என்றார்கள்.

கல்யாணம் முடிந்து பத்து நாள் கழித்து ரிசல்ட்டைப் பற்றிக் கேட்டாள். "ஒண்ணுமில்லைன்னு வந்துருச்சு" என்றேன். அது ஒன்றுதான் அவளிடம் நான் சொன்ன உண்மை, அதையும் பொய்யாக்கித்தான் சொன்னேன். "எச்சில் எறங்குதா?" என்றாள். "அப்பப்ப" என்றேன். பழனிக்கு நீயும் வா என்றாள்.

பொள்ளாச்சி வழியாகப் போனோம், நாங்கள் இருவர் மட்டும். நேர்த்திக்கடனுக்கு என்று முந்தின நாளிலிருந்தே அவள் ஒரு வேளைதான் சாப்பிட்டிருந்தாள். வழியில் மூன்று இடத்தில் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். ஒவ்வொரு தடவையும் வாய் நிறைந்திருந்தது. அதை ஒரு சாக்காக வைத்துக்கொண்டேன் என்பதும் எனக்குத் தெரியும்.

மலையடிவாரத்தில் முடியெடுக்கிற கொட்டகை. ஈரத் தரை, வரிசையாக நாவிதர்கள், அழுகிற குழந்தைகள். அவள் சீட்டைக் கொடுத்துவிட்டுப் பலகையில் உட்கார்ந்து பின்னலை அவிழ்த்தாள். முடி தரையைத் தொட்டது. "இவ்வளவையுமாம்மா?" என்று நாவிதரே தயங்கினார். அவர் ஒரு கை தண்ணீரை அள்ளித் தலையில் வைத்துத் தேய்த்தபோது எனக்குப் பொறுக்கவில்லை.

"நிறுத்துங்க" என்று கத்தினேன். அவள் முன்னால் ஈரத்திலேயே உட்கார்ந்தேன். "நான் பொய் சொன்னேன். கட்டியுமில்ல, ஒண்ணுமில்ல. சதையெல்லாம் எடுக்கவே இல்ல. அன்னைக்கே டாக்டர் ஒண்ணுமில்லைன்னு சொல்லீட்டாரு. நீ இணைச்சீர் பண்ணீருவியோன்னுதான் அப்படிச் சொன்னேன். எந்திரி, முடிய எறக்காத."

அவள் எழுந்திருக்கவில்லை. நெற்றியில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டாள்.

"தெரியும்க்கா. பதியறப்ப என்ற போன் நம்பரத்தான குடுத்தேன். அன்னைக்குச் சாயங்காலமே ரிப்போர்ட் அதுல வந்துருச்சு. எங்கூட்டுக்காரர்கிட்டக் குடுத்துப் படிச்சுப் பாக்கச் சொன்னேன்."

எனக்குக் கணக்கு இடித்தது. அவள் நேர்ந்துகொண்டதாகச் சொன்னது அதற்கு மறுநாள் காலையில்.

"தெரிஞ்சப்புறமா நேந்த? எதுக்கு? எனக்குத்தான் ஒண்ணுமில்லையே."

"ஒண்ணுமில்லைன்னு அவங்கதான சொன்னாங்க" என்றாள். "நீ துப்பறது நிசந்தான? வாளையார்ல கார் நின்னப்பப் பாத்தேன், ஜன்னல் பக்கம் திரும்பி உக்காந்துட்டுத் துண்டு பூராவும் நனைச்சுட்டே. கட்டின்னு வந்திருந்தா டாக்டர் பாத்துக்குவாரு. ஒண்ணுமே இல்லைன்னுட்டாங்க. அப்பறம் வேற யாருகிட்டப் போய்ச் சொல்றது?" என்றவள் நாவிதரிடம் திரும்பி, "நீங்க எடுங்கண்ணா" என்றாள்.

அவர் கத்தியை வைத்தார். முதல் கற்றை விழுந்தது. வைகாசியிலிருந்து டாக்டர், வீட்டுக்காரர், அம்மா, சொசைட்டி என்று எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன். என் தொண்டையில் எச்சில் நிற்பது நிஜம் என்று ஒருத்தராவது சொன்னது அதுதான் முதல் தடவை. அதைச் சொல்ல இவள்தானா கிடைத்தாள் என்று இருந்தது. அழுதேன். அழுதுகொண்டே பார்த்தேன். பாதித் தலை போயிருந்தபோதும் நன்றாக இருந்தாள். முழுவதும் போனபின் இன்னும் நன்றாக இருந்தாள். என்ன வடிவான தலை! பக்கத்தில் குழந்தைக்கு முடியிறக்க வந்திருந்த ஒரு அம்மா, "எவ்வளவு பெரிய மனசு, பாருங்க" என்று தன் வீட்டுக்காரரிடம் சொன்னார். அவர்கள் ஊருக்குப் போயும் அதைச் சொல்வார்கள். எங்கள் ஊரிலும் சொல்வார்கள். அம்மா சாகும் வரை சொல்லுவார்.

எனக்கு வயிறு எரிந்தது. இதை வேறு எந்த வார்த்தையாலும் சொல்ல முடியவில்லை. அவள் சந்தனம் பூசிக்கொள்ள எழுந்ததும், இரண்டு ஊசியையும் பிடுங்கிக் கொண்டையை அவிழ்த்துவிட்டு, அவள் எழுந்த பலகையிலேயே உட்கார்ந்தேன்.

"நீங்களும் நேந்துக்கிட்டீங்களாம்மா?" என்று கேட்டார் நாவிதர்.

"இல்லீங்க" என்றேன். "அவ எறக்கீட்டா. அதனால எனக்கும் எடுங்க."